ஆடாமல் வென்றவர்கள்

"ஆட விடுங்கள்! அவர்களை ஆட விடுங்கள்!"

அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில் வில்லியம்ஸ்போர்ட் என்று ஓர் ஊர். 1955ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களின் இறுதி வாரத்தில் அவ்வூர்த் திடலில் எழுந்த முழக்கம் இது. முழங்கியோரில் பெரும்பாலோர் வெள்ளையர். யாருக்காக முழங்கினார்களோ அவர்கள் கறுப்பினச் சிறுவர்கள், மொத்தம் பதினான்கு பேர். பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரிலிருந்து பழைய பேருந்து ஒன்றில் நெடுந்தொலைவு பயணம் செய்து வந்திருந்தார்கள். சீருடை அணிந்திருந்தார்கள். கையுறை கொண்டுவந்திருந்தார்கள். சிறிது நேரம் திடலில் இறங்கிப் பந்தைப் பிடித்துப் பயிற்சி செய்யவும் அவர்களுக்கு இசைவு கிடைத்தது. பயிற்சியைக் கண்ட கூட்டம் களித்தது, கைதட்டியது, பிறகு முழங்கியது. பயிற்சி முடிந்ததும் பிள்ளைகள் திடலை விட்டு வெளியேறிப் பார்வையாளர் வரிசையில் போய் அமர்ந்தார்கள். மற்றவர்கள் ஆடினார்கள், இவர்கள் பார்த்தார்கள்.

ஏன் ஆடவில்லை? தோற்றுவிட்டார்களா? இல்லை, தோழர்களே! அவர்கள் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. தங்கள் நகரத்தில் அவர்களே வெற்றியாளர்கள். தங்கள் மாநிலத்தில் அவர்களே வெற்றியாளர்கள். ஆனால் அந்த வெற்றிகளுக்காக அவர்கள் ஒரு பந்தைக்கூட எறிந்ததில்லை. எதிரே நின்று ஆட எவரும் வரவில்லை. வாராதிருந்ததற்குக் காரணம் காய்ச்சலன்று, மழையன்று, அச்சமுமன்று. இவர்களின் தோலின் நிறம் கறுப்பு. அவ்வளவுதான்.

தீண்டாமை என்ற சொல்லுக்கு நம் நாட்டில் எவருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது விளையாட்டுத் திடலுக்குள் புகுந்து, பன்னிரண்டு வயதுச் சிறுவன் கையிலிருக்கும் பந்தைப் பிடுங்கும்போது எந்த உருவம் எடுக்கிறது, எந்தச் சட்டத்தின் பின்னால் ஒளிந்துகொள்கிறது என்பதை இந்தக் கதை காட்டுவதுபோல் வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு சொல். பேஸ்பால் என்பது நாம் அறிந்த கிரிக்கெட்டுக்கு ஒருவகையில் உறவு. ஒருவன் பந்தை எறிவான், மற்றொருவன் உருண்டை மட்டையால் அடிப்பான். அடித்தவன் சதுரமாக அமைந்த நான்கு தளங்களையும் சுற்றி ஓடி வந்தால் ஓர் ஓட்டம். பெரியவர்களுக்கு ஒன்பது சுற்று. அமெரிக்கச் சிறுவர்க்கு இந்த ஆட்டம் நம் சிற்றூர்ப் பிள்ளைகளுக்குக் கிட்டிப்புள் போன்றது. தெருவெல்லாம், திடலெல்லாம் அதுவே. 1939ஆம் ஆண்டு கார்ல் ஸ்டோட்ஸ் என்பவர் வில்லியம்ஸ்போர்ட்டில் சிறுவர்களுக்கென்றே திடலைச் சுருக்கி, சுற்றுகளை ஆறாகக் குறைத்து, 'லிட்டில் லீக்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். போர் முடிந்தபின் அது நாடெங்கும் பரவியது. 1947 முதல் ஆண்டுதோறும் வில்லியம்ஸ்போர்ட்டில் இறுதிப் போட்டி. நகரத்தில் வென்றால் மாநிலப் போட்டி, மாநிலத்தில் வென்றால் வட்டாரப் போட்டி, வட்டாரத்தில் வென்றால் வில்லியம்ஸ்போர்ட். ஒரு சிறுவனின் கனவுக்கு இதைவிடச் சீரான படிக்கட்டு வேண்டுமா?

அந்த 1947ஆம் ஆண்டை மற்றொரு காரணத்துக்காகவும் நினைவில் வைக்க வேண்டும. அவ்வாண்டு ஏப்ரல் 15ஆம் நாள் ஜாக்கி ராபின்சன் என்னும் கறுப்பின வீரர் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் சீருடையில் களமிறங்கினார். பெரும் போட்டிகளிலிருந்து கறுப்பரை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒதுக்கி வைத்திருந்த சுவரில் அன்று விழுந்தது முதல் பிளவு. இகழ்ந்தார்கள், ஏசினார்கள், மிரட்டல் மடல் எழுதினார்கள். அவர் மட்டையால் விடை சொன்னார். அமெரிக்கக் கறுப்பினச் சேரிகளில் அன்றைக்குப் பிறந்து வளர்ந்த ஒவ்வொரு சிறுவனும் தன்னை ஒரு ஜாக்கி ராபின்சன் என்றே எண்ணிக்கொண்டு தெருவில் மட்டை சுழற்றினான். சார்ல்ஸ்டன் சிறுவர்களும் அப்படித்தான்.

இனி, சார்ல்ஸ்டன். அழகிய துறைமுக நகரம். மாளிகைகளும் மலர்த் தோட்டங்களும் நிறைந்தது என்று சுற்றுலா ஏடுகள் புகழும். அந்த மாளிகைகளுக்கு மண் சுமந்தவர் யார் என்பதை அவ்வேடுகள் நெடுங்காலம் சொல்லாமல் விட்டன. வட அமெரிக்காவுக்குக் கப்பலில் அடைத்துக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் இறங்கியது இந்த ஒரு துறைமுகத்தில். அடிமை முறையைக் காக்கவென்றே 1860ஆம் ஆண்டு திசம்பர் 20ஆம் நாள் ஒன்றியத்தை விட்டு முதலில் பிரிந்த மாநிலம் தென் கரோலினா. உள்நாட்டுப் போரின் முதல் குண்டு 1861 ஏப்ரலில் வெடித்தது இந்த நகரின் வாயிலில் இருக்கும் சம்டர் கோட்டையின்மீது. போரில் தோற்றார்கள், அடிமை முறை ஒழிந்தது. ஆனால் அடிமை முறை போன இடத்தில் 'தனித்தனி' முறை வந்து குந்தியது. தனிப் பள்ளி, தனி இருக்கை, தனிக் குடிநீர்க் குழாய், தனிச் சுடுகாடு. 1896இல் நாட்டின் உச்ச நீதிமன்றமே, தனித்தனியாக இருந்தாலும் இணையாக இருந்தால் குற்றமில்லை என்று அதற்கு முத்திரை குத்திக் கொடுத்தது. தனித்தனி என்பது நடந்தது. இணை என்பது ஏட்டோடு நின்றது.

எப்படி நின்றது என்பதற்கு அதே மாநிலத்தின் கிளாரண்டன் மாவட்டமே சான்று. அங்கே வெள்ளைப் பிள்ளைகள் பள்ளி செல்லப் பேருந்துகள் இருந்தன. கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. கல் தொலைவு கணக்கில் நடந்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு பேருந்து கொடுங்கள் என்று பெற்றோர் கேட்டார்கள். இந்த எளிய வேண்டுகோள்தான் வளர்ந்து வழக்காகி, வழக்கின் முதற்பெயருக்குரிய ஹாரி பிரிக்ஸ் என்னும் தொழிலாளியின் வேலையைப் பறித்து, கடைசியில் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அவ்வழக்கு கீழ் நீதிமன்றத்தில் நடந்தபோது மூன்று நீதிபதிகளில் ஒருவர் மட்டும், பிரித்து வைப்பதே இழிவுபடுத்துவதுதான் என்று 1951இல் தனித் தீர்ப்பு எழுதினார். அவர் பெயர் வேட்டிஸ் வேரிங். சார்ல்ஸ்டனில் பிறந்து வளர்ந்த வெள்ளையர், உயர்குடியினர். அவரை ஊரே ஒதுக்கி வைத்தது. மறு ஆண்டே அவர் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார். அவருடைய உடன்பிறந்தாரின் மகன் தாமஸ் வேரிங்தான் அந்நகரின் பெரிய நாளேட்டின் ஆசிரியர். அந்த ஏடோ, இனப்பிரிவினைக்குக் கொடி பிடிப்பதையே தன் பணியாகக் கொண்டது. ஒரே குடும்பம்: சிற்றப்பன் ஒரு கரை, மகன் எதிர்க்கரை.

1954 மே 17ஆம் நாள் உச்ச நீதிமன்றம், பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கிளாரண்டன் வழக்கும் அத்தீர்ப்பில் அடங்கிய ஐந்தில் ஒன்று. தெற்கத்திய ஆதிக்க வெள்ளையர் கொதித்தெழுந்தனர். பள்ளி போனால் பேருந்து போகும், பேருந்து போனால் உணவு விடுதி போகும், பிறகு நமக்கென்று என்ன மிஞ்சும் என்று அஞ்சினார்கள். அந்த அச்சம் உச்சியில் இருந்த வேளையில்தான், 1955 சூலையில், கேனன் தெரு ஒய்.எம்.சி.ஏ.வின் சிறுவர் அணி நகரப் போட்டிக்குப் பெயர் கொடுத்தது.

கேனன் தெரு மன்றம் கறுப்பினத்தவருக்கானது. அதன் தலைவர் ராபர்ட் மாரிசன். கறுப்பினச் சிறுவருக்கென்று நான்கு அணிகளை உண்டாக்கி, லிட்டில் லீக் தலைமையிடம் முறைப்படி உரிமச் சான்றும் பெற்றிருந்தார். ஹார்மன் திடலில் பிள்ளைகள் ஆடுவார்கள். ஞாயிறு உடையில் வந்து பெற்றோர் பார்ப்பார்கள். தென் கரோலினாவில் அவ்வாண்டு உரிமம் பெற்ற லீக்குகள் 62. அவற்றில் 61 வெள்ளையருடையவை. ஒன்று கேனன் தெரு. ஆண்டு முடிவில் நான்கு அணிகளிலிருந்தும் சிறந்த பதினான்கு பேரைத் தேர்ந்தெடுத்து ஒரே அணியாக்கினார்கள். விதிப்படி அந்த அணி நகரப் போட்டியில் ஆடலாம். வெள்ளையரோடு ஆடக்கூடாது என்று லிட்டில் லீக்கின் விதிநூலில் எங்கும் எழுதியிருக்கவில்லை. இனவேறுபாடு காட்டக்கூடாது என்றே எழுதியிருந்தது.

பெயர் கொடுத்தார்கள். சார்ல்ஸ்டன் நகர வெள்ளை அணிகள் எல்லாம் விலகிக்கொண்டன. எதிரணி வராவிட்டால் வந்த அணிக்கு வெற்றி என்பது விதி. நம் ஊர்ப் பந்தாட்டக்காரர்கள் வாக் ஓவர் என்பார்கள். கேனன் தெரு நகர வெற்றியாளர் ஆயிற்று.

அடுத்தது மாநிலப் போட்டி. லிட்டில் லீக்கின் மாநில இயக்குநர் டேனி ஜோன்ஸ் என்பவர். வெள்ளையருக்கென்று தனி மாநிலப் போட்டி நடத்த இசைவு தாருங்கள் என்று தலைமையகத்துக்கு எழுதினார். தலைமையகத் தலைவர் பீட்டர் மெக்கவர்ன் முடியாது என்று மறுத்துவிட்டார். ஆடினால் எல்லோரோடும் ஆடுங்கள், இல்லையேல் வெளியேறுங்கள். வெளியேறினார்கள், தோழர்களே! ஒன்றல்ல, இரண்டல்ல, அறுபத்தொரு லீக்குகளும் வெளியேறின. பதினான்கு சிறுவர்களைக் கண்டு ஒரு மாநிலமே எழுந்து ஓடியது. ஓடிய ஜோன்ஸ் சும்மா இருக்கவில்லை. வெள்ளைச் சிறுவருக்கு மட்டுமே என்று விதிநூலிலேயே எழுதிக்கொண்ட ஒரு புது அமைப்பைத் தொடங்கினார். பிற்காலத்தில் அது 'டிக்ஸி யூத்' என்று பெயர் பெற்று, அடிமை முறைக்காகப் போரிட்டவர்களின் கொடியையே சின்னமாக அணிந்து, தெற்கு மாநிலங்களில் நூற்றுக்கணக்கான கிளைகளோடு பெருகியது. அந்த இனவிதியைப் பின்னாளில் நீக்கினார்கள்; கொடி அதற்குப் பிறகும் நெடுநாள் சட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கேனன் தெரு மாநில வெற்றியாளர் ஆயிற்று. இரண்டாவது வெற்றி. எறிந்த பந்து: ஒன்றுமில்லை.

இங்கே ஒரு கேள்வியை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். அன்றைய வெள்ளையர் ஏடு கேட்டது மட்டுமல்ல, நல்லெண்ணம் கொண்ட சிலரும் கேட்ட கேள்வி அது. பெரியவர்கள் நடத்த வேண்டிய உரிமைப் போரில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை ஏன் இழுத்துவிட வேண்டும்? மாரிசனுக்கு என்ன நடக்கும் என்று தெரியாதா? விளையாட்டில் ஏன் அரசியல்?

தெரிந்திருக்கும். தென் கரோலினாவில் வாழ்ந்த ஒரு கறுப்பினத் தலைவருக்கு அது தெரியாமல் இருக்க முடியாது. ஆனால் அவர் என்ன செய்தார்? ஊர்வலம் நடத்தினாரா? பிள்ளைகள் கையில் முழக்க அட்டை கொடுத்தாரா? பெயர் கொடுத்தார். உரிமம் பெற்ற ஒரு லீக், விதியில் கண்டபடி, உரிய நாளில் பெயர் கொடுத்தது. மற்ற அறுபத்தொன்றும் செய்த அதே செயலைத்தான் இதுவும் செய்தது. அவர்கள் செய்தால் விளையாட்டு, இவர் செய்தால் அரசியலா? அரசியலைத் திடலுக்குள் கொண்டுவந்தவர்கள் திடலை விட்டு ஓடியவர்கள்.

இதைச் சொல்வது எளிது. ஆயினும் அதோடு கேள்வி தீர்ந்துவிடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அடி விழுந்தது பெரியவர்கள்மீதன்று, பிள்ளைகள்மீது. இன்று ஆட்டம், நாளை ஆட்டம் என்று சீருடையைத் துவைத்து வைத்துக் காத்திருந்தவன் பிள்ளை. உண்மைக் காரணத்தைப் பெற்றோர் பலர் பிள்ளைகளிடம் முழுமையாகச் சொல்லவில்லை. சொன்னால் புண்படுவானே என்று அஞ்சினார்கள். ஏன் யாரும் வரவில்லை என்பது அப்போது தங்களுக்குச் சரியாக விளங்கவில்லை என்று அந்தச் சிறுவர்களில் சிலர் முதுமையில் கூறியிருக்கிறார்கள். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1957இல், லிட்டில் ராக் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் படைவீரர் துணையோடு நடந்து சென்றார்கள். 1963 மே மாதம் பர்மிங்காம் நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். அவர்கள்மீது நாயை ஏவினார்கள், நீரைப் பீய்ச்சினார்கள். அப்போதும் இதே கேள்வி எழுந்தது. அந்தப் பிள்ளைகளுக்காவது தாம் எதற்காக நடக்கிறோம் என்பது தெரியும். சார்ல்ஸ்டன் பிள்ளைகள் பந்து விளையாடத்தான் வந்தார்கள். அதனால்தான் அவர்களை நினைக்கும்போது நெஞ்சு கூடுதலாக வலிக்கிறது. இருந்தும், மாரிசன் பெயர் கொடுக்காமல் இருந்திருக்க வேண்டும் என்று சொல்ல என் நா எழவில்லை. ஒதுங்கியே இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு வலி இருந்திராது. ஒதுங்குவதே இயல்பு என்ற பாடம் இருந்திருக்கும்.

மூன்றாவது படி, ஜார்ஜியா மாநிலத்து ரோம் நகரில் வட்டாரப் போட்டி. அங்கே வென்றால் வில்லியம்ஸ்போர்ட். பிள்ளைகள் ஆயத்தமானார்கள். அப்போது வந்தது ஆணை: ஆடி வென்ற அணிக்கே வட்டாரப் போட்டியில் இடம், எதிரணி வராததால் முன்னேறிய அணிக்கு இடமில்லை. விதிநூலில் அப்படி இருக்கிறதாம்!

இந்த ஆணையைச் சற்று நிதானமாகப் பாருங்கள். பகுத்தறிவாளர் பார்க்க வேண்டியது இத்தகைய இடங்களைத்தான். வெள்ளை அணி ஆட மறுக்கிறது. மறுத்தவனுக்குத் தண்டனை என்ன? போட்டியை இழந்தான். சரி. மறுக்கப்பட்டவனுக்கு? அவனும் போட்டியை இழந்தான்! குற்றம் செய்தவன், குற்றத்துக்கு இலக்கானவன், இருவருக்கும் ஒரே தீர்ப்பு. இனவேறுபாடு கூடாது என்ற விதியும் அந்த நூலில்தான் இருந்தது. வராத எதிரணியை வென்றவனுக்கு இடமில்லை என்ற விதியும் அந்த நூலில்தான் இருந்தது. முதல் விதியைக் காக்கத் துணிந்த மெக்கவர்ன், இரண்டாம் விதியைத் தளர்த்தத் துணியவில்லை. இனவெறியர் கேட்டதை அவர் கொடுக்கவில்லை, அதைப் பாராட்டுவோம். ஆனால் இனவெறியர் விரும்பியது நடந்தேறியது. கறுப்பு அணி ஒன்றும் ஆடவில்லை.

இன்னொன்றையும் இடையே சொல்லிவிடுகிறேன். நிறவேறுபாடு இல்லை என்று பெருமை பேசிய இதே அமைப்பு, பெண் பிள்ளைகளை 1974 வரை சேர்க்க மறுத்தது. நீதிமன்றம் ஆணையிட்ட பிறகே கதவு திறந்தது. ஒரு கண்ணால் மட்டும் நீதி பார்ப்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

மனச்சான்று உறுத்தியிருக்க வேண்டும். மெக்கவர்ன் சார்ல்ஸ்டன் பிள்ளைகளை இறுதிப் போட்டிக்கு விருந்தினராக அழைத்தார். வந்தார்கள், கல்லூரி விடுதியில் மற்ற அணிகளோடு தங்கினார்கள். வெள்ளைச் சிறுவரோடு ஒரே கூரையின்கீழ் உறங்கி, ஒரே மேசையில் உண்டது அவர்களில் பலருக்கு அதுவே முதன்முறை. உலகம் அதனால் இடிந்து விழவில்லை. பிறகு திடல், பயிற்சி, கூட்டத்தின் முழக்கம், பார்வையாளர் வரிசை. அன்று அவர்கள் கண்ட இறுதி ஆட்டம் சாதாரண ஆட்டமன்று. பென்சில்வேனியாவின் மாரிஸ்வில் அணியும் நியூ ஜெர்சி அணியும் மூச்சுப் பிடித்து மோதின; ஆறு சுற்றிலும் முடிவாகாமல் ஏழாம் சுற்றுக்குப் போய், 4க்கு 3 என்று மாரிஸ்வில் வென்றது. ஒரே ஓட்ட வேறுபாடு! அந்த ஆட்டத்தைப் பார்த்த பதினான்கு பிள்ளைகளும் மனத்துக்குள் ஆயிரம் முறை மட்டை சுழற்றியிருப்பார்கள். நாங்கள் அங்கே நின்றிருந்தால் வென்றிருப்போமா, தோற்றிருப்போமா? இந்தக் கேள்விக்கு அன்றும் விடையில்லை, இன்றும் இல்லை.

அவர்கள் வீடு திரும்பிய அதே நாட்களில், ஆகஸ்டு 28ஆம் நாள் விடியுமுன், மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்னும் பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவனை, வெள்ளைப் பெண்ணிடம் துடுக்காக நடந்தான் என்று குற்றம் சாட்டி, உறங்கிய வீட்டிலிருந்து இழுத்துச் சென்று கொன்றார்கள். கொன்றவர்களை வெள்ளையர் மட்டுமே அடங்கிய நடுவர் குழு விடுதலை செய்தது. அவனுக்கும் இந்தப் பிள்ளைகளுக்கும் இரண்டு மூன்று வயதே வேறுபாடு. விளையாட்டில் தீண்டாமை ஒரு சின்னச் செய்திதானே என்று எண்ணுவோர் இந்த இரண்டு செய்திகளையும் ஒரே வாரத்தின் நாட்காட்டியில் வைத்துப் பார்க்கட்டும். டிசம்பர் முதல் நாள் மாண்ட்கமரியில் ரோசா பார்க்ஸ் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்தார். நாடு திரும்பிப் பார்த்தது. சார்ல்ஸ்டன் சிறுவர்களை எல்லோரும் மறந்தார்கள்.

ஆனால் அந்த 1955இல், அதே தெற்கில், அதே ஆகஸ்டில், ஓர் ஆட்டம் நடந்தது. அதைச் சொல்லாவிட்டால் இந்த வரலாறு பாதி வரலாறு.

புளோரிடா மாநிலத்தின் பென்சகோலாவில் ஜேசீஸ் என்னும் கறுப்பினச் சிறுவர் அணி. அங்கேயும் அப்படியேதான்: அண்டை வெள்ளை அணிகள் ஆட மறுத்தன, ஜேசீஸ் ஆடாமலே முன்னேறியது. மாநிலப் போட்டி ஆர்லாண்டோவில். அம்மாநிலமும் ஏதோ அன்பின் இருப்பிடம் என்று எண்ண வேண்டாம். ஆர்லாண்டோவுக்குக் கிழக்கே மிம்ஸ் என்ற ஊரில், வாக்குரிமைக்காகப் பாடுபட்ட ஹாரி மூர் என்னும் கறுப்பின ஆசிரியரின் வீட்டில் 1951 கிறிஸ்துமஸ் இரவில் வெடிகுண்டு வைத்தார்கள். அவர் அன்றே மாண்டார். அவர் துணைவியார் ஒன்பது நாள் கழித்து மாண்டார். அப்படிப்பட்ட மண்.

அங்கே ஆர்லாண்டோ கிவானிஸ் என்னும் வெள்ளைச் சிறுவர் அணி, ஆடுவது என்று முடிவு செய்தது. ஆகஸ்டு 9ஆம் நாள், லோர்னா டூன் ஏரிக்கரைத் திடலில், கறுப்புச் சிறுவரும் வெள்ளைச் சிறுவரும் எதிரெதிரே நின்றார்கள். தெற்கு மண்ணில் லிட்டில் லீக் கண்ட முதல் கலப்பு ஆட்டம் அது. பார்க்கக் கூட்டம் திரண்டது. மறுப்பையே கண்டு பழகிய பென்சகோலாப் பிள்ளைகள் மாநிலப் போட்டியில் முதன்முதலாக ஓர் எதிரணியின் முகத்தைக் கண்டார்கள். ஆட்டத்தில் பென்சகோலா ஓர் ஓட்டம்கூட எடுக்க முடியவில்லை. 5க்கு 0. தோற்றார்கள்.

ஆம், தோற்றார்கள். ஆறு சுற்று ஆடி, அடித்து, தவறவிட்டு, ஓடி, தடுக்கி, முறையாகத் தோற்றார்கள். தங்களைவிட அன்று நன்றாக ஆடியவர்களிடம் தோற்றார்கள். ஒரு சிறுவன் அடைய வேண்டிய தோல்வி அதுதான். மறுநாள் மட்டையை எடுத்து இன்னும் நன்றாகப் பழகலாம் என்று எண்ண வைக்கும் தோல்வி. சார்ல்ஸ்டனில் இரண்டு வெற்றிப் பட்டம் பெற்ற சிறுவனுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. எதைத் திருத்திக்கொண்டு மீண்டு வருவான் அவன்? தோலையா?

ஆண்டுகள் ஓடின. சார்ல்ஸ்டனில் லிட்டில் லீக் அடியோடு மறைந்தது. டிக்ஸி யூத் ஒன்றே நின்றது. 1990களில் கறுப்பினத் தந்தை ஒருவர், தம் மகன் அணிந்து வந்த சட்டையில் அந்தப் பழைய அடிமைக்காலக் கொடியைக் கண்டார். இது எப்படி இங்கே வந்தது என்று கேட்டார். நூலகத்தில் பழைய நாளேடுகளைப் புரட்டினார். அப்போதுதான் பதினான்கு சிறுவர்களின் கதை தூசியிலிருந்து வெளியே வந்தது. ஒரு மனிதர், ஒரு கேள்வி, கொஞ்சம் உழைப்பு. அவருடைய முயற்சியால் லிட்டில் லீக் அந்நகருக்குத் திரும்பியது. பழைய அணியினரைத் தேடிப் பிடித்து ஒன்று சேர்த்ததும் அவரே.

அவர்கள் வீணாகிப் போனவர்கள் அல்லர். கட்டடக் கலைஞர் ஆனவர் உண்டு. பிள்ளைகளுக்கு ஆட்டம் கற்பிக்கும் பயிற்சியாளராகிப் பெயர் பெற்றவர் உண்டு. அப்பயிற்சியாளர், தங்களோடு எவரும் ஆட மறுத்த கதையைத் தாமே நூலாகவும் எழுதினார். 2002ஆம் ஆண்டு லிட்டில் லீக் அமைப்பு அவர்களை மீண்டும் வில்லியம்ஸ்போர்ட்டுக்கு அழைத்து, 1955ஆம் ஆண்டின் தென் கரோலினா மாநில வெற்றிக் கொடியை அவர்கள் கையில் கொடுத்தது. நாற்பத்தேழு ஆண்டு தாமதம். வாங்கியவர்கள் அறுபதை எட்டிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் சிலர் இல்லை; இறந்துவிட்டார்கள்.

பென்சகோலா, ஆர்லாண்டோ ஆட்டக்காரர்களையும் பிற்காலத்தில் ஆவணப்படம் எடுத்தவர்கள் தேடிக் கண்டு, ஒரே இடத்தில் சந்திக்க வைத்தார்கள். எழுபதைக் கடந்த கிழவர்கள். கறுப்பரும் வெள்ளையரும் எதிரெதிரே அமர்ந்து, அறுபது ஆண்டுக்கு முந்தைய ஒரு மாலைப் பொழுதைப் பற்றிப் பேசினார்கள். அவர்களுக்குப் பேச ஓர் ஆட்டம் இருந்தது. 5க்கு 0 என்ற கணக்கு இருந்தது.